கப்பல்லயும் பெரட்டு உண்டு, பேராண்டி

உக்காருய்யா பேராண்டி. அந்தப் பளபளக் காகிதத்தைத் தள்ளி வையி, தே தாரிக் கொட்டிடப் போகுது. பொண்டாட்டி புள்ளையோட சிங்கப்பூர்ல கப்பல் ஏறப் போறியாமே? முடிவெட்டுற கடையில சொன்னாங்க. சொந்தத் தாத்தன்கிட்டச் சொல்லாத சேதியை முடிவெட்டுறவர்கிட்டச் சொல்லியிருக்க. அவரா கப்பலை ஓட்டப் போறாரு?

கோவமெல்லாம் இல்ல. நல்ல காரியந்தான். அதுவும் நம்ம ரெங்கத்துக்குப் பொருத்தமான காரியம். தமிழ்நாட்டுல ரெங்கம்னு சொன்னா ஸ்ரீரங்கம். அங்க படுத்திருக்காரே பெருமாள், அவருதானய்யா மொத மொதல்ல கடல்ல உல்லாசப் பயணம் போனவரு. பாற்கடல் மேல மெத்தை. மெத்தையே தலைக்கு மேல படமெடுத்துக் குடையும் பிடிக்குது. காலை அமுக்கிவிட மகாலட்சுமி. யுகம் யுகமாப் படுத்திருக்காரு, இதுவரைக்கும் ஒருத்தனும் ரசீதை நீட்டி டிப்ஸ் கேக்கல. நம்ம ரெங்கத்துலயும் பாற்கடல் இருந்துச்சு. எல்லாம் கித்தாப் பால். அங்க சாமி எந்திரிக்கவே இல்ல. இங்க நாங்க விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சோம். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

இன்னொன்னு. கப்பல்ல பக்கத்து மேசைக்காரங்க எந்த ஊருன்னு கேட்டா ரெங்கம்னு சொல்லாத. அவங்க காதுல சிம்பாங் ரெங்கம்னு விழும். அங்க இருக்கிற சிறைச்சாலைதான் ஞாபகம் வரும். 'எப்ப விட்டாங்க?'ன்னு மரியாதையாக் கேப்பாங்க. குளுவாங் பக்கம்னு சொல்லிரு. ரயில் ஸ்டேஷன் காப்பியைப் பத்திப் பேச்சு திரும்பிடும்.

என்ன சிரிக்கிற? நான் போகாத கப்பலா? எழுபது முடிஞ்சப்ப உன் அத்தை கூட்டிட்டுப் போனாளே, மூணு ராத்திரி. கப்பல் பேரு வேண்டாம். குறை சொல்லப் போற இடத்துல பேரைச் சொன்னா அது கோள் மூட்டுற மாதிரி ஆயிடும்.

ஏறின அன்னிக்கே சாயங்காலம் சங்கு ஊதினான் பாரு. ஏழு குட்டை, ஒரு நெட்டை. உன் அத்தை பயந்து போய் ஜெபமாலை தேடுற மாதிரி கைப்பையைத் தேடுறா. நான் பாட்டுக்குச் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே வந்து சுவத்துல பாத்தா, மஸ்டர் ஸ்டேஷன்னு எழுதியிருக்கு. அட, இது நம்ம துரை வாயில வர்ற வார்த்தையாச்சேன்னேன். தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுக்குப் போவோமே, ஆளு வந்தாச்சா வரலையான்னு கிராணி செக்ரோல்ல குறிப்பானே, அதுக்குத் துரை சொல்ற பேரு மஸ்டர். ஐம்பது வருசம் கழிச்சு, கைநெறையக் காசு கட்டி, மறுபடியும் பெரட்டுக்கு வந்து நிக்கிறேன்யா. கையில பால் கத்தி இல்ல, அவ்வளவுதான் கொறை.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. இந்தப் பெரிய கப்பல்ங்கிறது ஒண்ணுமில்ல, தண்ணியில வுட்ட தோட்டம். அதுல பொறந்து வளந்தவன் நான். அதனால நான் சொல்றதைக் கேளு, அந்தக் காகிதத்துல இருக்கிற பொம்பளை சிரிக்கிறதைக் கேக்காத.

மொதல்ல வீட்டைப் பாப்போம். தோட்டத்துல மூணு வகை வீடு. மேட்டு மேல துரை பங்களா. அதுக்குக் கீழ கிராணி வீடு. பள்ளத்துல நம்ம லயம். கப்பல்லயும் அப்படியே. மேல் மாடியில சூட்டுன்னு ஒண்ணு, அது துரை பங்களா. அவங்களுக்குத் தனி வாசல், தனிச் சாப்பாட்டு எடம். நடுவுல பால்கனி அறை, அது கிராணி வீடு. ரெண்டு நாற்காலி போட்டுக் கடலைப் பாக்கலாம். பிறகு சன்னல் மட்டும் உள்ள அறை. கடைசியா, நட்ட நடு உள்ளுக்குள்ள, சன்னலே இல்லாத அறை. அது லயம். வெளக்கை அணைச்சா பகலா ராத்திரியான்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஆனா தூக்கம் இருக்கே, கோழி கூவாது, பக்கத்து வீட்டு மோட்டோ உறுமாது, அப்படி ஒரு தூக்கம்.

மூணு ராத்திரிக்குப் போறவன் பால்கனிக்குக் காசு கொட்டாத. நீ அறையில எங்க இருக்கப் போற? உன் பொண்டாட்டி நின்னு போட்டோ எடுக்கத்தான் பால்கனி. அதுக்கு மேல்தளத்துல கம்பி நீளத்துக்கும் எடம் கெடக்கு. ஏழு ராத்திரி, பத்து ராத்திரின்னா வேற பேச்சு. சன்னல் அறை எடுக்கிறதா இருந்தா நல்லா விசாரி. எனக்குக் கெடைச்ச சன்னல் பெரிசுதான். திரையை நீக்கிப் பாத்தா எதிர்ல ஆரஞ்சு நெறத்துல உயிர்காப்புப் படகு, கன்னத்தைச் சன்னல்ல ஒட்டிக்கிட்டு நிக்குது. மூணு நாளும் அதைத்தான் பாத்தேன். 'பார்வை மறைக்கப்பட்டது'ன்னு சின்ன எழுத்துல போட்டிருக்காம். அத்தைக்குக் கண்ணாடி மாத்தணும்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், கேட்டாத்தானே?

எடம் எங்கங்கிறதும் முக்கியம். கப்பல் ஆடுறது தென்னை மரம் ஆடுற மாதிரி. உச்சியில ஆட்டம் சாஸ்தி, தூரு கிட்டக் கொறைச்சல். முன்னாடியும் வேண்டாம், கடைசியும் வேண்டாம், கீழ்த்தளமா நடுவாப் பாத்து எடு. பெரிய கப்பலுக்கு ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள மீன் துடுப்பு மாதிரி இறக்கை உண்டு, ஆட்டத்தை அடக்கும். அதனால முக்காவாசி நேரம் ஒண்ணும் தெரியாது. இன்னொன்னு, உன் தலைக்கு மேல என்ன இருக்குன்னு படத்துல பாரு. மேலயும் அறை, கீழயும் அறைன்னா யோகம். மேல நீச்சல்குளத் தளம்னு வச்சுக்க, விடியக்காலம் அஞ்சு மணிக்கு நாற்காலியைத் தரதரன்னு இழுப்பான். பெரட்டுக்கு எழுப்புற தப்படியே தேவலாம்.

எத்தனை கட்டில்னும் கேளு. நாலு பேர் படுக்கிற அறையில, மொத ரெண்டு பேருக்குத்தான் முழு விலை. மூணாவது, நாலாவது ஆளுக்குப் பெரும்பாலும் கொறைச்சுப் போடுவான். மேல்கட்டில் கூரையில மடிஞ்சிருக்கும், சாயங்காலம் ஆள் வந்து இறக்கிவிடுவான், ஏணி வச்சு ஏறணும். இளவட்டம் ஏறணும். நீங்க மூணு பேருதான? நாலாவது கட்டில் கூரையிலயே தூங்கும். சும்மா சொன்னேன்.

எங்கப்பா வந்த கப்பலுக்குக் கட்டிலே கெடையாது. உங்க கொள்ளுத் தாத்தா. 1937-ல கங்காணி மாமன்கூட நாகப்பட்டினத்துல ரஜூலா ஏறினாரு. அடுத்த வருசம், 1938-ல, கூலியாளுங்களை மலாயாவுக்கு அனுப்புறதையே இந்திய சர்க்காரு நிறுத்திப்புட்டாங்க. ஒரு வருசம் பிந்தியிருந்தா நீயும் நானும் தஞ்சாவூர்ச் சீமையில மாடு மேச்சிக்கிட்டு இருந்திருப்போம். ரஜூலா பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல், 1926-ல கட்டினது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு ஓடும். 8,500 டன் கப்பல். அதுல மொதல்ல எத்தனை டெக் பயணிங்க ஏத்தலாம்னு லைசென்ஸ் தெரியுமா? 5,000 பேருக்கு மேல. டன்னுன்னா எடை இல்லய்யா, கப்பலுக்குள்ள இருக்கிற எடத்தோட அளவு. இப்ப உன் காகிதத்துல இருக்கே கெந்திங் ட்ரீம், அது ஒன்றரை லட்சம் டன். அறைக்கு ரெண்டு பேருன்னு போட்டா 3,300 சொச்சம் பேரு. கணக்குப் போடு. எங்கப்பாவுக்கு ரெண்டு டன் எடங்கூடக் கெடைக்கல. உனக்கு 45. அதுல நின்னுக்கிட்டு நீ அறை சின்னதா இருக்குன்னு மூஞ்சைத் தூக்காத, கொள்ளுத் தாத்தா கனவுல வந்து அறைவாரு.

டெக்குல பாயை விரிச்சா அதுதான் எடம். தகரப் பெட்டிதான் தலகாணி. எந்திரிச்சு வாந்தி எடுக்கப் போயி வர்றதுக்குள்ள இன்னொருத்தன் காலை நீட்டியிருப்பான்னு சொல்லுவாரு. அதுக்காகத் துண்டைப் போட்டுட்டுப் போவாங்களாம். நம்பு, இன்னிக்கு வரைக்கும் மாறல. நீச்சல்குளத்து ஓரத்துச் சாய்வு நாற்காலியில காலையில ஆறு மணிக்கே துண்டு போட்டுட்டுப் போறான் வெள்ளைக்காரன். பஸ் சன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் பிடிக்கிறது நம்ம கண்டுபிடிப்பு. அதைக் கடல் மேல கொண்டு போயி நம்மளுக்கே காட்டுறான்.

ரஜூலா 1973 வரைக்கும் ஓடுச்சு. பிறகு சிதம்பரம்னு ஒரு கப்பல், முன்னாடி பிரெஞ்சுக்காரன் வச்சிருந்தது. ஊருக்குப் போறவங்க டேப்ரெக்கார்டரும் கைலியும் கோடாலித் தைலமுமா அதுல ஏறுவாங்க. 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சுச்சு. பலர் செத்தாங்க. அந்தக் கப்பல் அதோட முடிஞ்சுச்சு.

அதனாலதான் சொல்றேன், சங்கு ஊதினா விளையாடாத. செல்போன்ல படம் காட்டி முடிச்சிர்றான் இப்பல்லாம், இருந்தாலும் உன் எடத்துக்கு ஒரு தடவை நடந்து போயிப் பாத்துட்டு வா. 2012 ஜனவரியில இத்தாலிப் பக்கம் கோஸ்டா கொங்கோர்டியா பாறையில மோதிக் கவுந்துச்சு, 32 பேரு போனாங்க. அன்னிக்குப் புதுசா ஏறினவங்களுக்குப் பெரட்டே நடக்கல, நாளைக்கு வச்சுக்கலாம்னு விட்டிருந்தாங்க. அதுக்கப்புறந்தான் கப்பல் கெளம்புறதுக்கு முந்தியோ கெளம்பின கையோடயோ நடத்தியே தீரணும்னு உலகச் சட்டத்தை மாத்தினாங்க. தோட்டத்துல பெரட்டுக்கு வராட்டி அரைநாள் சம்பளம் போகும். இங்க போறது வேற.

இப்பக் கடைப் பற்றுக்கு வர்றேன். உன் கொடலைக் கழுவப் போற எடம் அது.

கப்பல்ல காசு செல்லாது. ஒரு அட்டை குடுப்பான். அதுதான் அறைச் சாவி, அதுதான் பேரு, அதுதான் பணப்பை. எதைக் கேட்டாலும் அட்டையை ஒரு தட்டுத் தட்டினாப் போதும். பாக்க அழகா இருக்கும். எனக்கு மட்டும் வயித்தைக் கலக்குச்சு. தோட்டத்து மளிகைக் கடைக்காரரும் காசு கேக்க மாட்டாரு. 'எடுத்துக்க ஆயி, எழுதிக்கறேன்'பாரு. சம்பளத்தன்னிக்கு நோட்டைப் பிரிப்பாரு பாரு, உங்க பாட்டி அங்கயே உக்காந்துருவா. கப்பல்லயும் கடைசி ராத்திரிதான் நோட்டைப் பிரிக்கிறான். நீ என்ன பண்ணு, தெனம் ராத்திரி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துட்டுப் படு. சிங்கப்பூர் வெள்ளின்னா மூணால பெருக்கு, அமெரிக்க வெள்ளின்னா நாலால பெருக்கு. பெருக்கினதும் தாகம் தானா அடங்கிடும்.

சோறு சும்மா. பெரிய பந்திக் கடையும், உக்கார வச்சுப் பரிமாறுற மண்டபமும் டிக்கெட்டுலயே சேத்தி. பேரு வாயில நொழையாத சாப்பாட்டுக் கடைங்க தனிக் காசு. தண்ணி, தேத்தண்ணி, காப்பி பெரும்பாலும் சும்மா. கலர்த் தண்ணி காசு. அதுக்கு மேல இருக்கிற தண்ணிக்கு ரொம்பக் காசு. 'குடிச்சுக்கிட்டே இரு'ன்னு நாளுக்கு இவ்வளவுன்னு மொத்தமாக் கட்டுற திட்டம் ஒண்ணு வச்சிருக்கான். சில கம்பெனியில ஒரு அறையில ஒருத்தர் எடுத்தா, அதே அறையில இருக்கிற பெரியவங்க எல்லாரும் எடுத்தாகணும். உனக்குப் பீரு, உன் பொண்டாட்டிக்கு மைலோ, ரெண்டுக்கும் ஒரே விலை. கட்டின காசை எடுக்கணும்னு குடிச்சே தீர்த்தவங்களைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலயே பாத்திருக்கேன். அவங்க நெரையில வுட்ட பால் மங்குகளைக்கூட எடுக்காம கெடந்தாங்க. அப்புறம் வைஃபை, படம் பிடிக்கிறவன், முதுகு பிடிக்கிறவ, கரையிறங்கிச் சுத்திக் காட்டுறவன். எல்லாம் தனிப் பக்கம்.

கெசினோ இருக்கும். கரை தாண்டினதும் வெளக்குப் போடுவான். மலை மேல கெசினோ வச்சிருக்கிற கெந்திங்காரங்கதான் 1993-ல ஸ்டார் குரூசஸ்னு நம்ம பக்கம் இந்த ஏவாரத்தையே தூக்கி நிறுத்தினவங்க. அந்தப் பழைய கம்பெனி 2022-ல நொடிச்சுப் போச்சு. கப்பல் போச்சா? இல்லையே. அதே வருசம் கெந்திங் ட்ரீம் ரிசார்ட்ஸ் வேர்ல்டுங்கிற பேர்ல மறுபடி சிங்கப்பூர்ல இருந்து கெளம்பிருச்சு. அந்தப் பழைய கம்பெனி பாதி கட்டிப் போட்ட இன்னொரு கப்பலை டிஸ்னிகாரங்க வாங்கி, சிங்கப்பூரை வீடாக்கி டிஸ்னி அட்வெஞ்சர்னு பேரு வச்சாங்க. நம்ம தோட்டம் வெள்ளைக்காரன் கையில இருந்து மாறினப்பவும் போர்டைத்தான் மாத்தினாங்க. மரம் அதே மரம், வெட்டினதும் அதே ஆளு.

புள்ளைக்கு மூணு வயசு ஆச்சுல்ல? மூத்திரத்துக்குத் தானாச் சொல்றானா? அப்பத்தான் பிள்ளைங்க விளையாடுற எடத்துல சேத்துக்குவான் பல கப்பல்ல. அது நம்ம ஆயாக் கொட்டாய்தான். தூளி இல்ல, சறுக்கு மரம் இருக்கு. விட்டுட்டு ரெண்டு பேரும் நிம்மதியா உக்காருங்க. எங்க காலத்துல நிம்மதியா உக்காரணும்னு விடல, பால் வெட்டணும்னு விட்டோம். தோட்டத்துத் திடல்ல மாசத்துக்கு ஒரு தரம் படம் காட்டுவானே, அதுவும் உண்டு. நீச்சல்குளத்துக்கு மேல பெரிய தெரை. பாயும் போர்வையும் அவனே குடுக்கிறான், கச்சான் மட்டும் விக்கல. சுகமில்லாமப் போனா டிரெசர் உண்டு. ஆனா தோட்டத்து டிரெசர் செவப்புத் தண்ணியைச் சும்மா ஊத்துவாரு. கப்பல் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னதுக்கே பில்லு போட்டுருவாரு. பயணக் காப்புறுதி எடுத்துட்டு ஏறு. இதுல மட்டும் நான் கேலி பேசல.

சாப்பிடுறதுக்கு முந்திக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அந்தக் குப்பியில இருக்கிற வழுவழுத் தைலம் கப்பல்ல சுத்துற வயித்தால போற கிருமிக்குச் சரியாக் கேக்காது, சோப்புதான் கேக்கும். பந்தியில மொத நாளே மலை மாதிரி அள்ளாத. இங்க கல்யாண வீடு இல்ல, நாளைக்கும் இதே சோறு இருக்கும். இந்தியச் சாப்பாடு, சைவச் சாப்பாடு இப்பப் பல கப்பல்ல கெடைக்குது. முன்கூட்டியே சொல்லி வை. உங்க அத்தை என்ன பண்ணினா தெரியுமா? அப்பாவுக்கு ரசம் இல்லாம எறங்காதுன்னு சோத்துப்பானையைத் துணிக்குள்ள சுத்தி எடுத்துட்டு வந்தா, மின்சாரப் பானை. சோதனைப் பெட்டிக்குள்ள போனதும் மணி அடிச்சுது. சூடாகுற சாமான் எதுவும் கூடாதாம், இஸ்திரிப் பெட்டிகூடக் கூடாது. தீ பயம். நியாயந்தான். ஆனா வரிசையில நின்ன அத்தனை பேரும் பாக்க, ஒரு சீருடைக்காரன் பானையைத் தூக்கிப் பிடிச்சு 'யாருது இது?'ன்னு கேட்டப்ப, நான் பின்னால நின்ன சீனக் கெழவனைப் பாத்தேன்.

எந்தப் பக்கம் போறதுன்னு கேட்டா, மொத தடவைக்கு மலாக்கா நீரிணைப் பக்கமே போ. கிள்ளான், பினாங்கு, புக்கெட். ரெண்டு பக்கமும் கரை இருக்கு, தண்ணி கொளம் மாதிரி. எப்பவாச்சும் சுமத்ராக் காத்து அடிச்சு ஓயும். டிசம்பர், ஜனவரியில கெழக்குப் பக்கம் தென்சீனக் கடல்ல எறங்கினா வடகிழக்குப் பருவக்காத்து உன்னைத் தொவைச்சுக் காயப் போட்டுரும். மயக்கம் வந்தா அறைக்குள்ள போய்ப் படுக்காத. வெளிய வந்து தூரத்துக் கோட்டைப் பாரு, இஞ்சி மிட்டாயைச் சப்பு.

இதுல ஒரு கூத்து இருக்குய்யா. ரெங்கத்துல இருந்து கிள்ளானுக்குக் காடியில மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. நீ தெற்கால சிங்கப்பூருக்குப் போயி, காஸ்வேயில நின்னு, பாஸ்போர்ட்டு முத்திரை குத்தி, கப்பல் ஏறி, ஒரு ராத்திரி தூங்கி, மறுநாள் கிள்ளான்ல எறங்கி, 'ஆகா, மலேசியா!'ன்னு போட்டோ பிடிப்ப. அதுக்குப் பேரு உல்லாசம். எங்கப்பாவும் அதே துறைமுகத்துல எறங்கித்தான் ரயிலேறி ரெங்கம் வந்தாரு. அப்ப அது சுவெட்டன்ஹாம் பேருல இருந்துச்சு. பினாங்குல இன்னும் சுவெட்டன்ஹாம் படகுத்துறைதான். துரை போயிட்டாரு, பேரு கால் நீட்டிப் படுத்திருக்கு. அங்க எறங்கினா பஸ் டூருக்குக் காசு குடுக்காத. வெளிய வந்தா விக்டோரியா ராணி மணிக்கூண்டு, ராணி 60 வருசம் ஆண்டதுக்கு 60 அடி. அப்படியே நடந்தா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில். 1833-ல கட்டினது. கும்பிட்டுட்டு, ஒட்டுக்கடையில பசியாறிட்டு, மணியைப் பாத்துட்டுத் திரும்பு.

மணின்னதும் ஞாபகம் வருது. புக்கெட்டுல மணி நம்மளவிட ஒண்ணு பிந்தி. உன் செல்போன் கரையில எறங்கினதும் சத்தமில்லாம மாறிக்கும். கப்பல் மணி மாறாம இருக்கலாம். கப்பல் மணி அஞ்சுக்கு ஏறணும்னு சொல்லியிருப்பான். நீ தாய்லாந்து மணி நாலரைதானேன்னு எளநி குடிச்சுக்கிட்டு இருப்ப. கப்பல் காத்திருக்காது. நம்ம சின்ன ஊர்ல ரயிலைப் பிடிக்க ஓடுறதைப் பாத்து ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை ஒரு நிமிசம் தாழ்த்திப் பிடிச்ச காலமும் உண்டு. கப்பல் அந்தச் சாதி இல்ல.

காஸ்வேக்கும் அதேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போயி மாட்டிக்காத. முடிஞ்சா மொத நாளே சிங்கப்பூர்ல யார் வீட்லயாச்சும் படு. இல்லாட்டி ஜேபி சென்ட்ரல்ல ஷட்டில் ரயிலுக்கு முன்னாடியே டிக்கெட் எடு, அஞ்சே நிமிசத்துல உட்லண்ட்ஸ். பிறகு டிக்கெட்டைப் பாரு, கப்பல் எந்தத் துறையிலன்னு. சிங்கப்பூர்ல ரெண்டு இருக்கு. ஒண்ணு ஹார்பர்பிரண்ட்டுல பழசு. இன்னொன்னு 2012-ல திறந்த மரினா பே. அதுக்கு மரினா சவுத் பியர் ஸ்டேஷன்ல எறங்கணும். உங்க அத்தை எந்த எடத்துக்குப் போனான்னு நான் சொல்லணுமா?

அறையைக் கூட்டிப் பெருக்க ஒரு பையன் வந்தான். இருபத்தஞ்சு வயசு இருக்கும். நான் தமிழ்ல முனகுறதைக் கேட்டுட்டு, 'அய்யா, நீங்க நம்ம ஊரா?'ன்னான். நாகப்பட்டினத்துப் பையன். ஒம்பது மாச ஒப்பந்தம், தங்கச்சி கல்யாணத்துக்குக் காசு சேக்கிறானாம். எங்க படுக்கிறன்னு கேட்டேன். கீழன்னான். எவ்வளவு கீழன்னேன். சன்னல் போட்டா மீன் பாக்கலாம் அய்யான்னு சிரிச்சான். எங்கப்பா அந்த ஊர்ல ஏறினப்ப மேல்தட்டுல பாய் விரிச்சாரு, இவன் தண்ணிக்குக் கீழ பாய் விரிக்கிறான். நான் ஒண்ணும் பேசல. டிப்ஸுன்னு தெனம் ஆளுக்கு இவ்வளவுன்னு கணக்குல தானா ஏறும். சில கப்பல்ல கவுன்டர்ல போயி வேண்டாம்னு எடுக்கச் சொல்லலாம். நம்ம ஆளுங்க சிலர் அதுக்குன்னே வரிசையில நிப்பாங்க, கெசினோவுல விட்டதை அதுல பிடிக்கலாம்னு. நீ அந்த வரிசையில நின்னா நான் உன் தாத்தன் இல்ல.

கடைசி ராத்திரி ஒண்ணு இருக்கு, சொல்லவே வெக்கம். பெட்டிக்குச் சீட்டைக் கட்டி ராத்திரியே கதவுக்கு வெளிய வச்சிரணும், விடியறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருவான், கரையிலதான் திரும்பக் கெடைக்கும். நல்ல ஏற்பாடு. நானும் ஒழுங்கா எல்லாத்தையும் மடிச்சேன். சட்டை, கால்சட்டை, சப்பாத்து, பல்லு வெளக்குற சாமான் வரைக்கும். வச்சுட்டு நிம்மதியாத் தூங்கினேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா ஒடம்புல கைலி, மேல பனியன். அம்புட்டுத்தான் எனக்குச் சொந்தம். அந்தக் கோலத்துல மூவாயிரம் பேருக்கு நடுவுல பசியாறி, சிங்கப்பூர்க் குடிநுழைவு அதிகாரி முன்னால போயி நின்னேன்யா. அவரு பாஸ்போர்ட்டையும் பாத்தாரு, கைலியையும் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. நல்ல மனுசன்.

பாஸ்போர்ட்டுன்னதும் சொல்றேன், மூணு பேருக்கும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி இருக்கான்னு பாத்துக்க. புள்ளைக்கு எடுத்தியா? குளுவாங்ல எடுக்கலாம். என்னைய மாதிரி அறுபது தாண்டினவனுக்குப் பாதி விலை, நூறு வெள்ளிதான். போன மாசம் அந்தப் பக்கம் மருந்து வாங்கப் போனப்ப கூட்டம் இல்லாம இருந்துச்சு, சும்மா புதுசு ஒண்ணு எடுத்து வச்சேன். அஞ்சு வருசத்துக்கு இருக்கு.

என்ன முழிக்கிற? நாலாவது ஆளுக்கு எவ்வளவு போட்டிருக்கான்னு அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பாரு. கைலி ரெண்டு எடுத்துக்கிறேன், ஒண்ணு பெட்டிக்குள்ள போயிட்டாலும் ஒண்ணு இருக்கும். மேல்கட்டில் உனக்கு. எனக்கு முட்டி வலின்னு உன் பொண்டாட்டிகிட்ட நானே சொல்லிட்டேன், நேத்தே, முடிவெட்டுற கடையில இருந்து வந்த கையோட.